பேரேடும் பேரலையும்

யுனிக்ஸ், லினக்ஸ் ஆகிய இயங்குதளங்களில் தொழிற்படும் தரவுத்தளங்கள் பல. ஆரக்கிள், டி.பி. 2, போஸ்ட்கிரெஸ், மை எஸ்.கியூ.எல். ஆகியவற்றுள் எதனைத் தெரிவது என்னும் வினா எழுமிடத்து வேகம், உறுதி, விலை என்பனவே நிறுக்கப்படும். வங்கியொன்றுக்கு இவ்வளவுகோல் போதும். பேரிடர் வேளையில் அளவுகோலே மாறிவிடுகின்றது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த கடற்கோள் கல்முனை, காரைதீவு, திருக்கோவில் எனக் கீழைக் கரையின் ஊர்களைச் சிதைத்தது. இலங்கையில் மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறையே. காணாமற்போனோர் யாவர்? முகாம்களில் இருப்போர் யாவர்? எவ்வுதவி எங்கே தேவை? இவற்றுக்கு விடைகூறவல்ல பதிவேடு உடனடித் தேவையாயிற்று.

அத்தேவை கருதி இலங்கைக் கணினித் துறையினர் தொண்டர்களாகத் திரண்டு ஆக்கியதே ‘சஹானா’. சிங்களத்தில் நிவாரணத்தைக் குறிக்கும் சொல் அது. லினக்ஸ், அப்பாச்சி, மை எஸ்.கியூ.எல்., பி.எச்.பி. என்னும் கட்டற்ற மென்பொருள்களின் மீதே அது எழுந்தது.

இதனை வறுமையின் தெரிவு எனக் கொள்ளுதல் பொருந்தாது. உரிமத்துக்குக் காத்திராமல் எத்தனை கணினியிலும் நிறுவலாம், மூலநிரலைத் திருத்தலாம், பிறர் கேட்பின் அவ்வாறே கொடுக்கலாம். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் சஹானா பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகநல விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது.

எனினும் மறுதரப்பு வாதத்தையும் புறக்கணிக்கலாகாது. அக்காலத்து மை எஸ்.கியூ.எல். இயல்பாகக் கையாண்ட அட்டவணை வகை, தொடர்புடைய பல பதிவுகளை ஒரே செயலாகக் காக்கவல்லதன்று. இடையில் மின்சாரம் தடைப்படின் தாயின் பெயர் பதிவாகிப் பிள்ளையின் பெயர் விடுபடலாம். அக்குறையை நீக்கும் வேறு வகை அதனுள்ளேயே இருந்தபோதிலும், அதனை அறிந்து தெரிதல் வேண்டும். ஆரக்கிளும் போஸ்ட்கிரெஸும் இக்காவலை இயல்பாகவே தந்தன.

கட்டற்றது என்பதனால் உடைமையாளர் இல்லை என்றாகாது. 2010இல் மை எஸ்.கியூ.எல். ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்கே சென்றது. ஆயினும் மூலநிரல் பொதுவில் இருந்தமையால் 2009இலேயே மரியாடிபி அதிலிருந்து கிளைத்துவிட்டது. விலைகொடுத்து வாங்கிய மென்பொருளுக்கு இத்தகைய மறுவாழ்வு எளிதன்று.

இனி, எத்தளமாயினும் தீர்க்கவியலாத இடர் ஒன்றுண்டு. ஒரே மனிதரின் பெயர் தமிழில் ஒருவாறும் ஆங்கிலத்தில் மூவாறும் எழுதப்படும். முகாமில் இருப்பவரும் தேடப்படுபவரும் ஒருவரே எனக் காண்பதற்கு ஊரும் உறவும் அறிந்த ஒருவர் வேண்டும். ஆகவே எத்தளம் சிறந்தது எனக் கேட்பதற்கு முன்னர், எழுதப்படும் பெயர் யாருடையது, அதனை எழுதுபவர் யார் எனக் கேட்டல் தகும்.