‘அது எங்க நாய் இல்லை’

பட்டியில் ஆடு செத்துக் கிடக்கும் காலையில், ராமநாதபுரம் பக்கத்து ஊர்களில் கேட்கிற பேச்சு ஒன்று உண்டு. “ஏன் மதினி, உங்க வாசல்ல படுத்துக் கிடக்கிற செவலைதானே? விடியக்காலை வாயெல்லாம் ரத்தமா ஓடுச்சே” என்று ஆட்டுக்காரப் பெண் கேட்பார். “நாங்க எங்க தாயி நாய் வளக்குறோம்? மிச்சம் மீதி இருந்தா போடுவோம், அது பாட்டுக்கு வந்து கிடக்கும். அது எங்க நாய் இல்லை” என்று பதில் வரும். அதோடு பேச்சு முடிந்துவிடும். செவலைக்குப் படுக்க வாசல் இருக்கிறது, தின்னச் சோறு இருக்கிறது, கூப்பிடப் பெயரும் இருக்கிறது. பொறுப்பேற்க ஓர் ஆள்தான் இல்லை.

இந்தச் சீமையில் ஆடு என்பது வெறும் ஆடு இல்லை. கடலாடி, கமுதி, முதுகுளத்தூர், திருப்புல்லாணி எல்லாமே வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பி ஒரு போகம் நெல், அதை விட்டால் முண்டு மிளகாய். மழை தவறிய வருடத்தில் மகளின் கல்லூரிக் கட்டணமும், மருத்துவச் செலவும், அடகு வைத்த நகைக்கு வட்டியும் பட்டியிலிருந்துதான் வரும். ராமநாதபுரம் வெள்ளைச் செம்மறியும் கொடி ஆடும் இந்த மண்ணில் காலங்காலமாக நின்று பிடித்ததற்குக் காரணமே அதுதான். வங்கிக் கணக்கு இல்லாத காலத்திலும் பெண்கள் கையில் இருந்த சேமிப்பு அது.

அந்தச் சேமிப்புக்குள் மூன்று நான்கு நாய்கள் இரவில் புகுந்தால், ஓர் ஆட்டைத் தின்றுவிட்டுப் போவதில்லை. ஆடு மிரண்டு ஓட ஓட, நாய்க்குத் துரத்தும் வேகம் கூடும். தொண்டை, தொடை, அடிவயிறு என்று கிடைத்த இடத்தில் கடித்துப் போட்டுவிட்டு அடுத்ததைத் துரத்தும். பசிக்காக மட்டும் நடக்கிற வேட்டை இல்லை இது. அதனால்தான் காலையில் பத்து ஆடு செத்துக் கிடந்தாலும் தின்றிருப்பது கொஞ்சமாக இருக்கும். பிழைத்தவற்றிலும் சினை ஆடுகள் மிரட்சியில் குட்டியைக் கலைத்துவிடும். கடிபட்டவை புண் சீழ் பிடித்து, ஒரு வாரம் கழித்துச் சாகும்.

சட்டத்தில் இரண்டு நாய், ஊரில் மூன்று நாய்

நாய்களைப் பற்றிய இன்றைய விதிகளில் முக்கியமானது, 2023-ல் மத்திய அரசு வெளியிட்ட விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள். அது நாய்களை இரண்டாகப் பிரிக்கிறது. வீட்டில் வளர்க்கும் நாய் என்றால் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கருத்தடை எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. தெரு நாய் என்றால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. தெரு நாயைப் பிடித்தால் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். 2025 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. வெறிநோய் கண்ட நாயையும், ஆட்களைத் தாக்கும் நாயையும் மட்டும் திரும்ப விடக்கூடாது என்றது. கண்ட தெருவில் சோறு போடாமல், அதற்கென்று இடம் ஒதுக்கச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களை அங்கேயே மறுபடி விடக்கூடாது என்றும் உத்தரவிட்டது.

வளர்ப்பு நாயைக் கட்டுப்பாடு இல்லாமல் விட்டு, அதனால் ஆளுக்கு ஆபத்து வந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. சென்னையில் நாய் வளர்க்க மாநகராட்சி உரிமம் வாங்க வேண்டும்.

ஆனால் கிராமத்தில் இருப்பது மூன்றாவது வகை. சோறு போட ஆள் உண்டு, ஊசி போட ஆள் இல்லை. இரவில் திருடன் வந்தால் குரைக்க வேண்டும், அதற்கு அது நம்ம நாய். ஆட்டைக் கடித்தால் தெரு நாய். தெரு நாய் கடித்து இறந்த கால்நடைகளுக்குத் தமிழக அரசு 2025-ல் இழப்பீடு அறிவித்தது. மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 6,000 ரூபாய், கோழிக்கு 200 ரூபாய். திருப்பூர் மாவட்டத்து ஆட்டுக்காரர்கள் செத்த ஆடுகளோடு போராடிப் பெற்ற உதவி அது. ஆட்டை இழந்தவருக்கு அது பெரிய ஆறுதல்தான். ஆனால் கடித்தது பக்கத்து வீட்டு நாய் என்றால் நஷ்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது அந்த வீட்டுக்காரர். ஆகவே ‘எங்க நாய் இல்லை’ என்று சொல்லிவிடுவதே எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது. அரசுப் பணம் கைக்கு வந்த பிறகும் அந்த நாய் அதே வாசலில்தான் படுத்திருக்கும்.

எந்த நாய் கடித்தாலும், இறந்த ஆட்டை அவசரப்பட்டுப் புதைத்துவிடக் கூடாது. படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் ஊராட்சிக்கும் சொல்லி, கால்நடை உதவி மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்று வாங்கிய பிறகே புதைக்க வேண்டும். சான்று இல்லாத ஆட்டுக்குப் பிறகு யாரிடமும் கணக்குச் சொல்ல முடியாது.

தீனி எங்கே, நாய் அங்கே

நாய்க்கூட்டம் தானாகப் பெருகுவதில்லை, தீனி இருக்கும் அளவுக்குத்தான் பெருகும். இந்தக் கடற்கரையில் தீனிக்குப் பஞ்சமில்லை. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், தொண்டி என்று படகு இறங்கும் இடமெல்லாம் மீன் கழிவு. கருவாடு காயும் களத்தில் ஒதுக்கிய தலையும் குடலும். சாலை ஓரக் கறிக்கடைக்காரர் இரவில் கண்மாய்க் கரையில் கொட்டிவிட்டுப் போகும் கோழிக் கழிவு. ராமேஸ்வரத்தில் யாத்திரை வருகிறவர்கள் போடும் பிஸ்கட்டும் சோறும். குட்டி போட்டுப் பதுங்க, ஊரைச் சுற்றிச் சீமைக் கருவேலங்காடு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாட்களில் இறங்குதளத்தில் கழிவு குறைந்துவிடும். பத்து மாதம் பழகிய வயிறு இரண்டு மாதம் சும்மா இருக்காது, கோழிக்கூட்டையும் பட்டியையும் தேடி வரும். கோடையில் ஆடுகளைக் காவல் இல்லாமல் திறந்த வயலில் அடைப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

ஆடு மட்டும் இரையாவதில்லை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை தனுஷ்கோடிப் பக்கத்து மணலில் பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும், பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். அதற்குள் நாய் மோப்பம் பிடித்துவிட்டால் ஒரே இரவில் குழி காலி. வனத்துறையினர் விடியும் முன் நடந்து முட்டைகளை எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்துக் காப்பதற்கு நாய்களும் ஒரு காரணம்.

நாய்க்குச் சோறு போடுவது பாவமில்லை. பைரவர் வாகனம் என்று நினைத்துப் போடுகிற கை நல்ல கைதான். அந்தக் கை சோற்றோடு நின்றுவிடுவதில்தான் கோளாறு. போடுகிற சோறு அந்த நாயைக் குட்டி போட வைக்கிறது. அந்தக் குட்டிகளுக்கு யார் சோறு போடுவது?

சாக்கில் போகும் பொட்டைக்குட்டி

இந்த இடத்தில்தான் ஊரே பேசத் தயங்கும் ஒரு காரியம் வருகிறது. ஒரு பெட்டை நாய் வருடத்துக்கு இரண்டு முறை குட்டி போடும், ஒரு ஈற்றுக்கு நாலைந்து குட்டி சாதாரணம். கடுவன் குட்டிகளைக் கேட்டு வாங்கிப் போக ஆள் வரும். பொட்டைக்குட்டிகளை யாரும் கேட்பதில்லை. கண் திறந்ததும் அவற்றைச் சாக்கில் போட்டு, அடுத்த ஊர் எல்லையிலோ, சந்தைத் திடலிலோ, கடற்கரையிலோ விட்டுவிட்டு வருவது காலங்காலமான வழக்கம். பிழைக்கும் ஒன்றிரண்டு, எட்டு ஒன்பது மாதத்தில் பருவத்துக்கு வரும். பாதி தெரு நாய்க்கூட்டம் அங்கே தொடங்குகிறது. அடுத்த ஊர்க்காரரும் இதையேதான் செய்கிறார். அவர் சாக்கு நம் கண்மாய்க் கரையில் அவிழ்கிறது.

விஷம் வைத்தால் தீராதா என்று கேட்பவர்கள் உண்டு. அது குற்றம், சிறைத் தண்டனை உள்ள குற்றம். மேலும் விஷம் வைத்த இறைச்சி நாயோடு நிற்பதில்லை. காகமும் மயிலும் கீரியும் சாகும், சில வேளை வைத்தவர் வீட்டு நாயே சாகும். தீனி அப்படியே கிடந்தால், செத்த நாயின் இடத்துக்கு வேறு நாய் வரும். வருகிற புது நாய்க்குத் தடுப்பூசியும் இருக்காது, ஊர் ஆட்களையும் தெரியாது.

கடிபட்டால்

வெறிநோய்க்கு அறிகுறி தெரிந்த பிறகு மருந்து இல்லை, சாவு ஏறக்குறைய நிச்சயம். ஆனால் அறிகுறி வரும் முன் முறையாக ஊசி போட்டால் முழுதும் தடுத்துவிடலாம். 1885 ஜூலை 6-ல் லூயி பாஸ்டர் பிரான்சில் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போட்டுக் காட்டியது முதல் இது தெரிந்த விஷயம். நம் குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிலையம் இருக்கிறது. இருந்தும் கடிவாயில் சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் காப்பித்தூளும் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது எளிது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கட்டுப் போடக் கூடாது. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போக வேண்டும். அரசு மருத்துவமனையில் தோலில் போடும் ஊசி முதல் நாள், 3, 7, 28-ம் நாள் என்று நான்கு முறை. கடி ஆழமாக இருந்தால், கடிவாயிலேயே போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை. ஊசி இலவசம். நடுவில் ஒன்றை விட்டுவிட்டால் பாதுகாப்பில் ஓட்டை விழும்.

ஆடு மாடு கடிபட்டாலும் இதே கழுவல்தான். பிறகு கால்நடை மருத்துவர் 0, 3, 7, 14, 28 என்ற நாட்களில் ஊசி போடுவார். மருந்தகம் தூரம் என்றால் 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் மருத்துவ ஊர்தி வரும். கடிபட்ட ஆட்டின் பாலைக் குடிக்கலாமா என்பது எல்லா ஊரிலும் வரும் கேள்வி. நன்றாகக் காய்ச்சினால் கிருமி செத்துவிடும். ஆனால் ஆட்டுக்கு வெறிநோய் அறிகுறி தெரிந்தால் பால், இறைச்சி இரண்டும் வேண்டாம். வாயில் கை விட்டு மருந்து புகட்டவும் கூடாது. எச்சில் வழியாகத்தான் நோய் வரும்.

கீதாரியின் நாய்

நாயும் ஆடும் ஒன்றாக வாழ முடியாது என்று சொல்ல முடியாது. இந்த மாவட்டத்துக் கீதாரிகள் செம்மறிக் கிடையோடு மாவட்டம் விட்டு மாவட்டம் போகிறவர்கள். கிடையோடு போகும் நாய் குட்டியிலிருந்தே ஆட்டுக்கு நடுவில் வளர்கிறது. அது யாருடைய நாய் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அது தப்புச் செய்தால் கீதாரி பதில் சொல்வார். ஊருக்குள் வாசலில் கிடக்கும் நாய்க்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

இதை ஊர் கூடி உண்டாக்கலாம். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒன்றில் நாயைப் பற்றிப் பேசினால் என்ன? எந்த வாசலில் எந்த நாய் சோறு தின்கிறதோ, அந்த வீட்டின் பெயரில் அதை ஒரு நோட்டில் எழுதுவது. எழுதிய நாய்க்குக் கழுத்துப் பட்டை கட்டுவது. மூன்று மாதக் குட்டிக்கு முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இன்னொன்று, பிறகு வருடம் ஒன்று. ஜூலை 6-ம் செப்டம்பர் 28-ம் கால்நடைத் துறை தடுப்பூசி முகாம் நடத்துகிற நாட்கள், அந்த நாளில் முகாமை ஊருக்கே கேட்டு வாங்கலாம். நூறு நாயில் எழுபதுக்கு ஊசி போட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கோவா மாநிலம் இந்த வழியில் போய்த்தான் 2021-ல் வெறிநோய்க் கட்டுப்பாட்டு மாநிலமாக அறிவிக்கப்பட்டது.

பொட்டை நாய்க்குக் கருத்தடை செய்யும் செலவை ஊராட்சியிடம் கேட்டு வாங்கலாம், கறிக்கடைக் கழிவைக் குழி வெட்டிப் புதைக்கச் சொல்லித் தீர்மானம் போடலாம். இருட்டினால் நாயை வாசலுக்குள் வைப்பது வீட்டுக்காரர் வேலை. இரண்டு கம்பத்துக்கு நடுவே கம்பி கட்டி, அதில் ஓடும் வளையத்தில் சங்கிலியை மாட்டினால் நாய் நடக்கவும் முடியும், காவலும் இருக்கும். நாள் முழுதும் குட்டைச் சங்கிலியில் கட்டிய நாய்தான் அவிழ்த்ததும் கடிக்கும். ஆட்டுக்காரர் பங்குக்கு, பட்டி வேலியை நாய் தாண்ட முடியாத உயரத்தில் கட்டி, அடியில் பறிக்க முடியாதபடி கல் அடுக்க வேண்டும். காய்ந்து இடைவெளி விட்ட முள்வேலி வேலி ஆகாது.

நோட்டில் முதல் பெயரை எழுதத்தான் தயக்கம் இருக்கும். ஆடு வைத்திருப்பவர்கள் வீட்டிலும் நாய் உண்டு. அவர்களே முதலில் தங்கள் நாயை எழுதினால், மதினி வீட்டுச் செவலையும் அடுத்த வரியில் வந்துவிடும்.