மோட்டார் ரூம் சமையல்

எங்க தோட்டத்து மோட்டார் ரூம் பத்தடிக்கு எட்டடி. ஹாலோபிளாக் சுவர், மேலே தகர ஷீட். உள்ளே ஸ்டார்ட்டர் பெட்டி, கயித்துக் கட்டில், சின்ன கேஸ் அடுப்பு, மூலையில் நாலு மூட்டை விதைக் கடலை. மக்காச்சோளம் கதிர் பிடிச்சா அறுவடை வரைக்கும் காட்டுப்பன்றிக் காவலுக்கு ராத்திரி வாசம் அங்கேதான். கார்த்திகை மழையில் சமையலும் உள்ளேதான்.

மழை நின்னு ரெண்டு நாள் ஆனாலும் விடியக்காலையில கட்டில் மேல சொட்டு விழும். "ஏனுங்க, ஷீட்டு ஒழுகுது, தார் பூசோணும்"னு வீட்டுல சொன்னாங்க. அது மழைத்தண்ணி இல்லை, ராத்திரி வடிச்ச சோத்தோட ஆவி. கேஸ் எரியறதுலயே ஆவி உண்டு. ஒரு கிலோ கேஸ் எரிஞ்சா ஒன்றரை லிட்டருக்குக் குறையாம தண்ணி ஆவியா வெளிய வரும். பகல்ல காய்ஞ்ச தகரம் ராத்திரிப் பனியில சட்டுனு குளிர்ந்துடும். ஆவி அதுல பட்டு முத்து முத்தா நிக்கும். அப்பா காலத்து ஓலைக் கொட்டாய்ல இந்தத் தொல்லை கிடையாது. ஓலை இடுக்கு வழியா தானா வெளியேறிடும்.

கட்டில் நனைஞ்சா வெயில்ல போட்டுக்கலாம். கடலைதான் கவலை. ஈரப்பதம் 8 சதவீதத்தைத் தாண்டினா பூஞ்சணம் பிடிக்கத் தோதாயிடும், முளைப்பும் குறையும். பூஞ்சணம் பிடிச்சதுல உண்டாகுற அஃப்ளாடாக்ஸின் நஞ்சு வறுத்தாக்கூட முழுசாப் போகாது, மாட்டுக்கும் போட முடியாது. அந்த நாலு மூட்டைதான் எங்களுக்கு அடுத்த பட்டத்து விதை.

அதனால கதவோரம் தரைக்கிட்ட ஒரு கல்லையும், எதிர்ச்சுவர்ல ஷீட்டுக்குக் கீழே ஒரு கல்லையும் எடுத்துட்டுக் கம்பி வலை அடிச்சேன். குளிர்காத்து கீழ வரும், ஆவி மேல போயிடும். அடுப்பு மேல் ஓட்டைக்கு நேர் கீழே. உலைக்கு எப்பவும் மூடி. ஈரத்துணி உள்ளே காயப்போடுறதில்லை. குக்கர் இன்னும் நல்லது. விசில் சத்தத்துக்குப் பன்னி ஓடுமான்னு கேட்காதீங்க, ஓடாது.

குளிருக்குப் பயந்து ஓட்டையைச் சாக்கால அடைச்சு, உள்ளே கரி அடுப்பு வச்சுத் தூங்குறவங்க உண்டு. கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசமே கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடிச்சிடும். டென்ட்டு, கேரவன்னு கிளம்புற நகரத்து நண்பர்களே, இதை மட்டும் செஞ்சிடாதீங்க.

எண்ணெய்ப் பிசுக்கு வேற ரகம். தெறிக்கிற எண்ணெய் கண்ணுக்குத் தெரியும், புகையோட போறது தெரியாது. அது ஸ்டார்ட்டர் மேலயும் ஒயர் மேலயும் படிஞ்சு, தூசி ஒட்டி, கறுப்பா பிசுபிசுக்கும். அதுக்குக் கரப்பான் வரும், கரப்பானுக்குப் பல்லி வரும். பல்லி ஸ்டார்ட்டருக்குள்ள போய்ச் சிக்கிச்சுன்னா அன்னைக்குத் தண்ணிப் பாய்ச்சல் நின்னுது. அதனால தாளிப்பு, அப்பளம், கருவாடு எல்லாம் வெளியே தாழ்வாரத்துச் செங்கல் அடுப்புல. மழை சாரலா அடிச்சா அன்னைக்குத் தாளிக்காத குழம்பு, குத்தமில்லை. கேஸ் அடுப்பை வெதுவெதுப்பு இருக்கறப்பவே சாம்பல் தொட்ட துணியால துடைச்சா வந்துடும். மறுநாள்னா அரப்புத்தூளைக் குழைச்சுப் பூசி ஊற வைக்கணும்.

மூட்டைங்க இப்போ சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி, பனஞ்சட்டத்து மேல. வாரம் ஒருக்கா ஒரு கை கடலையை எடுத்துக் காதுகிட்ட குலுக்குறேன். கலகலன்னு கேக்குது.