சிவப்பு லைட் எரியும் வரைக்கும்



கொஞ்சம் நீளமான பதிவு. எங்கட பழைய கொம்பி வேனைப் பற்றியது. வாகனத்தில் விருப்பமில்லாதவர்கள் கடைசிப் பகுதியை மட்டும் வாசித்தாலும் போதும்.

எங்கள் முற்றத்தில் நிற்கும் வொக்ஸ்வேகன் கொம்பி 1971ஆம் ஆண்டுக்குரியது. ஸ்ரீ இலக்கத் தகடு. வாப்பா அதை 1994இல் இரண்டாம் கையாக வாங்கினார். கல்யாணப் பயணம், பாடசாலைச் சுற்றுலா, நடு இரவில் பிரசவ வலியோடு வரும் தாய்மார் என்று ஊரில் பாதிப்பேர் அதில் ஏறியிருப்பார்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடற்கரைப் பக்கத்துக்கும் சம்மாந்துறைக்கும் இடையில் எத்தனை தடவை ஓடினார் என்று அவருக்கே கணக்கில்லை. அட்டாளைச்சேனை கல்விக் கல்லூரியில் என்னையும் என் பெட்டியையும் கொண்டுபோய் இறக்கியதும் அதே வேன்தான்.

அந்த வேனில் அவர் யாரையும் கைவைக்க விடமாட்டார். டைனமோவைக் கழற்றி ஒல்டர்னேட்டர் போடுவோம் என்று நான் சில வருடங்களாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரே பதில்தான்.

"முப்பது வருஷமா ஓட்டுறன் மகன். டாஷ்போட்ல ஒரு சிவப்பு லைட் இரிக்கி. அது எரிஞ்சா நிப்பாட்டுவன். எரியாட்டி ஓடுவன். அதுக்கு மேல என்னத்துக்கு?"

தன் உடம்பைப் பற்றியும் அவர் இதையேதான் சொல்வார். பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம். கிளினிக்குக்குப் போவார், குளிசை எடுப்பார், ரிப்போட்டை மட்டும் யாருக்கும் காட்டமாட்டார். "எனக்கொண்டும் செய்யல்ல" என்பார்.

போன வருடம் நோன்புக்கு முந்திய மாதம் கால் வீங்கியது. கண்டியில் ஒரு சிறுநீரக வைத்தியரிடம் காட்டினோம். இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, இதற்கு முன் எடுத்த ரிப்போட்டுகள் எங்கே என்று கேட்டார். வாப்பா தன் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்தார். நான்கு வருடத் தாள்கள். கிரியட்டினின் என்ற ஒரு வரியில் இலக்கம் ஒவ்வொரு தாளிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தது. சிறுநீரகம் நோகாது, பெரும் பகுதி பழுதாகும் வரைக்கும் ஒன்றும் தெரியாது என்று வைத்தியர் சொன்னார். நான் வாப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பும்போது இருட்டிவிட்டது. பதினெட்டு வளைவில் மழையும் புகாரும். ஒரு லொறிக்குப் பின்னால் ஊர்ந்து இறங்கினோம். ஹெட்லைட், வைப்பர் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. மஹியங்கனையில் தேநீர் குடித்தோம். பதியத்தலாவையைத் தாண்டி மஹாஓயாப் பக்கம் காட்டு வழியில் வரும்போது லைட் மஞ்சளாகியது. வைப்பர் கண்ணாடியில் பாதி தூரம் போய் யோசித்து யோசித்துத் திரும்பியது. அதற்குப் பிறகுதான் அந்தச் சிவப்பு லைட் எரிந்தது.

நிறுத்தினோம். கொம்பியில் அந்த லைட்டுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. எஞ்சினைக் குளிராக்கும் காற்றாடி டைனமோவின் அச்சிலேயே பூட்டப்பட்டிருக்கிறது. ரேடியேட்டர், தண்ணீர் ஒன்றும் கிடையாது. பெல்ட் அறுந்தால் சார்ஜும் போகும், காற்றும் போகும். அப்படியே ஓட்டினால் எஞ்சின் வெந்துவிடும். பின்கதவைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். அல்ஹம்துலில்லாஹ், பெல்ட் இருந்தது. அப்படியானால் டைனமோதான் பழுது. வைப்பரை நிறுத்தி, மங்கலான லைட்டோடு ஒரு பஸ்ஸின் பின்னால் ஒட்டிக்கொண்டு மஹாஓயா வரைக்கும் வந்தோம். விடியும் வரை கடையோரத்தில் நின்றோம். காலையில் ஒரு சிங்களக் கராஜ்காரர் பெட்டரியைச் சார்ஜ் பண்ணித் தந்தார். வாப்பாவின் கால் வீங்கியிருப்பதைப் பார்த்துவிட்டுக் காசு எடுக்க மறுத்தார்.

டைனமோவைக் கழற்றிப் பார்த்தபோது கார்பன் இரண்டும் தேய்ந்து அடியைத் தொட்டிருந்தன. ஒரு நாளில் நடந்த தேய்வல்ல அது. பல மாதமாகச் சார்ஜ் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. சிவப்பு லைட் ஏன் முதலிலேயே சொல்லவில்லை?

என் தரம் 10 பிள்ளைகளுக்கு இதைத்தான் பிறகு படிப்பித்தேன். அந்த பல்ப் டைனமோவுக்கும் பெட்டரிக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாக இருந்தால் அதனூடாக ஓட்டம் பாயாது, பல்ப் எரியாது. டைனமோ நல்ல பலத்தோடு இருந்தாலும் சமம்தான். டைனமோ தளர, அதோடு சேர்ந்து பெட்டரியும் தளர்ந்தாலும் கிட்டத்தட்டச் சமம்தான். வித்தியாசம் பெரிதானால்தான் அது வாய் திறக்கும். அதாவது அந்த லைட் நலம் சொல்வதில்லை. முடிந்த பிறகு செய்தி சொல்கிறது.

இந்த முறை வாப்பா மறுக்கவில்லை. "செய்" என்று ஒரு சொல். டாஷ்போட்டில் ஓட்டை மட்டும் போடக்கூடாது என்றார்.

பஞ்சிகாவத்தையில் தேடி, திருத்திய 55 அம்பியர் ஒல்டர்னேட்டர் ஒன்றை எடுத்தேன். பழைய டைனமோ 38 அம்பியர். அதுவும் எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான். புகாரில் ஊரும்போது ஹெட்லைட்டுக்கே பெட்டரியிலிருந்துதான் கடன் வாங்கும். ஒல்டர்னேட்டர் ஆடலோட்டத்தைப் பிறப்பித்து உள்ளேயுள்ள இருவாயிகளால் நேரோட்டமாக்குகிறது. மெதுவான ஓட்டத்திலும் சார்ஜ் தரும். தாங்கும் காலும் காற்றாடிக்குப் பின்னுள்ள தகடும் வேறு, அவற்றையும் சேர்த்து வாங்க வேண்டும். ரெகுலேட்டர் உள்ளேயே இருப்பதால் பழைய ரெகுலேட்டர் பெட்டி தேவையில்லை.

எங்கள் ஊர்க் கராஜ் காக்காவும் நானும் ஒரு சனிக்கிழமை எஞ்சினை இறக்கினோம். முதல் வேலை பெட்டரியின் மறை வயரைக் கழற்றுவது. ஒல்டர்னேட்டருக்கு வயரை மாற்றிக் கொடுத்தால் இருவாயிகள் அந்தக் கணமே போய்விடும். காற்றாடி நட்டுக்கு 36 மில்லிமீற்றர் சாவி. பெட்டரிக்குப் போகும் வயரைத் தடித்ததாக மாற்றினோம். வாப்பா கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

அடுத்தது கேஜ். அம்பியர் மீற்றர் போடலாமா என்று காக்கா கேட்டார். வேண்டாம் என்றேன். முழு ஓட்டமும் டாஷ்போட் வரைக்கும் வந்து திரும்ப வேண்டும், ஒரு வயர் உரசினால் நெருப்பு. வோல்ட் மீற்றருக்கு மெல்லிய வயர் போதும். அதற்கும் ஒரு பியூஸ் போட்டோம். கொம்பியின் டாஷ்போட்டில் மணிக்கூடு வரவேண்டிய இடத்தில் எங்களுடையதில் வெறும் மூடிதான் இருந்தது. அந்த மூடியில் வோல்ட் மீற்றரைப் பொருத்தினோம். ஒயில் வெப்பம் காட்டும் கேஜை டாஷ்போட்டுக்குக் கீழே ஒரு சிறிய தகட்டில் தொங்கவிட்டோம். ஓட்டை போடவில்லை.

அஸருக்குப் பிறகு ஸ்டார்ட் பண்ணினோம். எஞ்சின் உடனே பிடித்தது. வோல்ட் மீற்றரின் முள் 12.3இல் நின்றது. நல்ல சார்ஜ் என்றால் 14க்குக் கிட்ட வரவேண்டும். அசையவில்லை. வயரெல்லாம் திரும்பப் பார்த்தோம். எல்லாம் சரி. ஒல்டர்னேட்டரை மாற்றித் தந்துவிட்டான் என்று காக்கா கடைக்காரனை ஏசத் தொடங்கினார். நான் தலையில் கைவைத்துக்கொண்டு அந்த முள்ளையே பார்த்தபடி இருந்தேன்.

வாப்பா கதிரையிலிருந்து கேட்டார்.

"சாவி போட்டதும் சிவப்பு லைட் எரிஞ்சா?"

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அதை நாங்கள் கவனிக்கவேயில்லை. புதிய கேஜ் இருக்க அந்தச் சின்ன பல்பை யார் பார்ப்பது? வாப்பா மட்டும் முப்பது வருடமாகச் சாவி போட்டதும் முதலில் பார்ப்பது அதைத்தான். எஞ்சினை நிறுத்தி மீண்டும் சாவி போட்டேன். எரியவில்லை. டாஷ்போட்டுக்குப் பின்னால் கைவிடும்போது பல்ப் அதன் கூட்டிலிருந்து கழன்றிருந்தது.

விஷயம் இதுதான். ஒல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கத் தொடங்க அதன் உள்ளே முதலில் கொஞ்சம் காந்தம் வேண்டும். அந்தக் காந்தத்தை எழுப்பும் சிறு ஓட்டம் இந்தச் சிவப்பு பல்பின் வழியாகத்தான் போகிறது. பல்ப் இல்லையென்றால் சில வேளை எஞ்சினைக் கத்தவிட்டால் எழும்பும், சில வேளை எழும்பவே எழும்பாது. நான் "முடிந்த பிறகு செய்தி சொல்வது" என்று வகுப்பில் பழித்த அதே பல்ப்தான் புதிய இயந்திரத்தையும் எழுப்பிவிடுகிறது.

பல்பைச் சரியாகக் குத்தி ஸ்டார்ட் பண்ணினோம். சிவப்பு எரிந்து அணைந்தது. முள் மெதுவாக ஏறி 14.1இல் நின்றது. ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்டோம். 13.8. காக்கா கைதட்டினார். வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து வந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து அந்த முள்ளை மஃரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் என்னிடம் ஒரு சீயார் கொப்பி கேட்டார். இடப்பக்கத்தில் வேன்: திகதி, வோல்ட், ஒயில் வெப்பம். வலப்பக்கத்தில் அவர்: வெறும் வயிற்றில் சீனி, பிரஷர், மாதமொருமுறை கிரியட்டினின். அவர் கையெழுத்தில். கிரியட்டினின் இறங்கவில்லை. இறங்காது என்றும் வைத்தியர் சொல்லிவிட்டார். ஆனால் இந்த ஆறு மாதமாக ஏறாமல் நிற்கிறது. கொப்பி வேனின் டாஷ்போட்டில்தான் இருக்கும், யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

கண்டிக்கு இப்போதும் அதே வேனில்தான் போகிறோம். ஏற்றத்தில் ஒயில் 110 பாகையைத் தாண்டினால் நின்று ஆறவிட்டுப் போவது என்று வைத்திருக்கிறோம். சாவி போட்டதும் நான் முள்ளைப் பார்ப்பேன், வாப்பா பக்கத்திலிருந்து லைட்டைப் பார்ப்பார்.

இதை வாசிக்கிற உங்களிடம் ஒரே வேண்டுகோள். உங்கட வாப்பாவும் உம்மாவும் "எனக்கொண்டும் செய்யல்ல" என்று சொன்னால் அதோடு விடாதீர்கள். ரிப்போட்டுகளைக் கேட்டு வாங்கி, திகதிப்படி அடுக்கி, ஒரு வரியை மட்டும் மேலிருந்து கீழே வாசித்துப் பாருங்கள். நாங்கள் நான்கு வருடம் பிந்திவிட்டோம்.

வாப்பாவுக்காக துஆச் செய்யுங்கள்.