மூணு வருஷம், நாலாவது வீச்சு!

மாமனார் வீட்டை விற்ற பணத்தில் வந்த தகராறு. மச்சினனும் நானும் பேசி மூணு வருஷம். 2022 ஜூலையில் கலிஃபோர்னியா போனபோது, "என் தம்பியோட நாலு நாள் போயிட்டு வாங்க" என்று வீட்டுக்காரி ஆர்டர் போட்டுவிட்டாள்!

அவன் வாடகைக்கு எடுத்திருந்தது 'ஆர்.வி.' படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறலாமென்றால், வீடே அறுபது மைல் வேகத்தில் ஓடுகிறது! வழி நெடுக "ம்", "சரி" தவிர வேறு பேச்சில்லை.

ஆரிகன் மாநிலம், யூஜின் நகரம். ஹேவர்ட் ஃபீல்டில் உலகத் தடகளப் போட்டி. ஜூலை 23 மாலை ஈட்டி எறிதல் ஃபைனல். நீரஜ் சோப்ராவின் முதல் வீச்சு ஃபவுல். கிரெனடாவின் பீட்டர்ஸோ முதல் வீச்சிலேயே 90 மீட்டரைத் தாண்டிவிட்டார். அடுத்து நீரஜ் 82.39... 86.37... 'அவ்வளவுதான்' என்று நான் கையைப் பிசைய, நாலாவது வீச்சு 88.13! வெள்ளி! பாரிஸில் 2003-ல் அஞ்சு ஜார்ஜ் வாங்கிய வெண்கலத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு அதுதான் மெடல்.

"அத்தான்!" என்று கத்தியபடி என் கழுத்தைக் கட்டிக்கொண்டான் மச்சினன்.

ராத்திரி வண்டியில் அவனே காபி போட்டான். பணப் பேச்சை மெள்ள நான் எடுத்தேன். முகம் சுண்டிவிட்டது. ஃபவுல்!

பரவாயில்லை, இன்னும் அஞ்சு வீச்சு பாக்கி இருக்கிறதே!