நம்பி நடக்கூடியவை

1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் வலிகாமம் வடக்கிலுள்ள எமது வீட்டைவிட்டு வெளியேறினோம். காணி விடுவிக்கப்பட்டது 2017இல். கூரையும் இல்லை, கதவு நிலைகளும் இல்லை. பற்றைகளை வெட்டிக்கொண்டு உள்ளே போன அம்மா, வீட்டைப் பார்க்காமல் நேரே கிணற்றடிக்குப் போனார். அவர் வைத்த கறிவேப்பிலையின் தாய்மரம் பட்டுப்போயிருந்தது. ஆனால் அதன் வேரிலிருந்து வெடித்த கன்றுகள் சிறு காடாகப் பரவி நின்றன. முற்றமெங்கும் நித்தியகல்யாணி, மதிலோரத்தில் கற்றாழை. பொத்திப் பொத்தி வளர்த்த ரோசாக்களும் குரோட்டன்களும் நின்ற இடமே தெரியவில்லை.

27 ஆண்டுகள் எவரும் தண்ணீர் ஊற்றாத தோட்டம் நடத்திய பரீட்சை அது. அதைக் கண்ணால் கண்ட பின்னரும் எனக்குப் புத்தி வரவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கொழும்பிலிருந்து ஆறு அந்தூரியச் சாடிகளை ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல்; கிணற்று நீரோ கடினநீர். நிழலும் ஈரக்காற்றும் வேண்டிய அச்செடிகளின் இலை நுனிகள் சித்திரைக்கு முன்னரே கருகிவிட்டன. "தம்பி, இது எங்கட வெயிலுக்கு நிக்காது" என்றார் அம்மா. அதன்பின் எதை நடுவது என்பதை அவரே தீர்மானித்தார்.

மாரி தொடங்கும்போது முருங்கைத் தடி ஒன்றை ஊன்றினோம், வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி. காற்றுக்கு முறியும் மரம் அது. மழைக்காலத்தில் மயிர்க்கொட்டியும் வரும். காய்த்து முடிந்ததும் கொப்புகளைத் தறித்துவிட வேண்டும். குசினித் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் வாழை. அகன்ற இலை விட்ட குட்டி பார்வைக்கு அழகு. ஆனால் வாள்போல ஒடுங்கிய இலையுள்ள குட்டியே திடமாக வளரும். கிணற்றடி ஈரத்தில் பொன்னாங்காணி, வேலியில் தூதுவளை. வேலிக்குச் சீமைக்கிளுவை நட்டால் அதன் குழையே பசளையாகிவிடும். இரசாயன உர இறக்குமதி 2021இல் தடைசெய்யப்பட்டபோது எங்கள் தோட்டத்துக்கு அந்தச் செய்தி எட்டவேயில்லை!

2022இல் நாடு வங்குரோத்தானபோது, வீட்டுத்தோட்டம் செய்வதற்கென அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். பத்திரிகைக்காரனுக்கு ஏது வெள்ளிக்கிழமை? அந்தச் செய்திக்குத் தலைப்புப் போட்ட நாட்களில் ஊர் வீட்டில் தங்கையின் அடுப்பில் வெந்தது பெரும்பாலும் முருங்கையிலையும் வாழைப்பொத்தியும்தான். அதைப் பார்க்க அம்மா இருக்கவில்லை. முந்திய ஆண்டே போய்விட்டார்.

சென்ற மாரியில் பக்கத்துக் காணிக்குத் திரும்பிய குடும்பம் கறிவேப்பிலைக் கன்று கேட்டது. மண்ணோடு பெயர்த்து மூன்று கொடுத்தேன். ஒன்று பிடித்திருக்கிறதாம். மற்ற இரண்டுக்கும் பதிலாக இந்த ஐப்பசியில் மறுபடி தோண்ட வேண்டும்.