குளிர்காலத்தில் நின்ற குழாய்

ரொறன்ரோவில் வாழும் என் தங்கையின் மகன் சில வாரங்களுக்கு முன்னர் தொலைபேசியில் அழைத்திருந்தான். வழக்கமாக இரண்டு நிமிடத்தில் நலம் விசாரித்து முடித்துவிடுபவன் அன்று அரை மணி நேரம் பேசினான். பேச்சு முழுவதும் அவனுடைய காரைப் பற்றியது. எஞ்சினுக்குள் செல்லும் காற்று, போகும் வழியிலேயே சூடாகிவிடுகிறதாம். சமிக்ஞை விளக்கில் சிறிது நேரம் நின்று புறப்பட்டால் வண்டியில் இழுவை இல்லையாம். இதற்கு 'ஹீட் சோக்' என்று பெயர் சொன்னான். வெப்பம் ஊறுதல் என்று நான் மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டேன். காற்றுக்குழாயைச் சுற்றி வெப்பம் தடுக்கும் நாடா ஒட்டி, இடையில் ஒரு தகடும் வைக்கப்போவதாகச் சொன்னான்.

அவன் சொன்னது சரியே. சூடான காற்று விரிந்து அடர்த்தி குறையும். 30 பாகையில் உள்ள காற்றோடு ஒப்பிட்டால் 60 பாகையில் உள்ள அதே கனஅளவு காற்றில் ஒன்பது வீதம் அளவுக்குக் குறைவான காற்றே இருக்கும். காற்று குறைந்தால் எரிவதும் குறையும், வலுவும் குறையும். இதை நான் அவனுக்கு விளக்கியபோது, "மாமா, நீங்கள் இதெல்லாம் எப்ப படிச்சனீங்கள்?" என்று வியந்தான். நான் படித்தது ஓமந்தையில், வெயிலில் நின்று.

என் மாமனாரிடம் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. 1962ஆம் ஆண்டுக்குப் பின் வந்த 1098 சீசீ எஞ்சின் கொண்டது. அந்த எஞ்சினில் காற்று உள்ளே போகும் வழியும் புகை வெளியே வரும் வழியும் ஒரே பக்கத்தில் இருந்தன. பழுக்கக் காயும் வார்ப்பிரும்புப் புகைக்குழாய்க்கு மேலேயே காபரேற்றர் அமர்ந்திருக்கும். இங்கிலாந்தின் குளிருக்கு அது ஒரு வசதி. எயார் கிளீனரின் மூக்குப்போன்ற குழாய்க்கும் இரண்டு நிலைகளை வைத்திருந்தார்கள். குளிர்காலத்தில் அதைப் புகைக்குழாயின் அருகே திருப்பிவிட்டால் சூடான காற்றை உறிஞ்சும். கோடையில் அப்பால் திருப்பிவிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் குளிர்காலம் ஏது? வாங்கிய நாளிலிருந்து குழாய் கோடையிலேயே நின்றது.

1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. வடக்கிற்குப் பெற்றோல் தடுக்கப்பட்டது. மின்சாரம் நின்றது. பற்றறி, சீமெந்து, உரம் என்று தடைப்பட்டியல் நீண்டது. அந்தப் பட்டியலைப் பற்றி நான் எத்தனையோ செய்திகள் எழுதியிருக்கிறேன். ஆனால் தடை ஒரு காரின் பொனற்றுக்குள் என்ன செய்தது என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை என்பதை வெட்கத்துடன் சொல்லிக்கொள்கிறேன்.

ஒஸ்ரின் ஏ-40, கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் எல்லாம் அந்த நாட்களில் மண்ணெண்ணெயில் ஓடின என்பது குடாநாட்டில் வாழ்ந்தவர்களுக்குப் புதிய செய்தியல்ல. சிறு போத்தலில் பொன்போலப் பாதுகாத்த பெற்றோலைக் காபரேற்றரில் சில துளி விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகையும் மணமும் ஒழுங்கையின் முனையிலேயே காரின் வருகையை அறிவித்துவிடும். பெற்றோலின் மெல்லிய பகுதிகள் நம் ஊர் வெயிலின் சூட்டிலேயே ஆவியாகத் தொடங்கும். மண்ணெண்ணெய் கொதிக்க 150 பாகைக்கு மேல் வேண்டும். எனவே அதற்குச் சூடு ஊட்ட வேண்டும். நம் வயல்களில் உழுத பழைய ஃபேர்கசன் டிராக்டர்களில் ஒருவகை இப்படியே, பெற்றோலில் கிளம்பிச் சூடானபின் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடுமாறு தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டது. ஆகவே எங்கள் மெக்கானிக்குகளுக்கு வழி தெரிந்திருந்தது.

மாமாவின் காருக்கு வேலை செய்தவர் நான்கு காரியங்கள் செய்தார். எரிபொருள் வரும் செப்புக்குழாயைப் புகைக்குழாயில் இரண்டு சுற்றுச் சுற்றினார். காபரேற்றருக்குக் கீழே வெப்பத்தைத் தடுத்துக்கொண்டிருந்த தகட்டைக் கழற்றி எறிந்தார். பிஸ்கற் தகரத்தில் ஒரு கூடு செய்து புகைக்குழாயின்மேல் கவிழ்த்து, எயார் கிளீனரின் மூக்கைக் குளிர்கால நிலைக்குத் திருப்பி அந்தக் கூட்டுக்குள் விட்டார். மண்ணெண்ணெயில் எஞ்சின் தட்டும் என்பதால் தீப்பொறி பிறக்கும் நேரத்தையும் சற்றுப் பின்போட்டார். ஐந்து வருடங்கள் அந்தக் கார் பிள்ளைப்பேற்றுக்கும் பாம்புக்கடிக்கும் ஓடியது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் மாமாவும் மாமியும் தென்மராட்சிக்குப் போனதும் அதிலேதான்.

திரும்பி வந்தபின், கப்பலில் பெற்றோல் வரத் தொடங்கியதும், மாமா செப்புச் சுற்றை மட்டும் தன் கையாலேயே கழற்றினார். மற்ற மூன்றும் அப்படியே கிடந்தன. கோயிலுக்கும் சந்தைக்கும் போய்வரும் காரில் எந்தக் குறையும் தெரியவில்லை. மெக்கானிக் இடம்பெயர்ந்து போனவர், திரும்பவில்லை.

2002இல் ஏ-9 பாதை திறக்கப்பட்டது. மாமிக்கு நெஞ்சு நோய். கொழும்பில் வைத்தியரைக் காண்பதற்கு நாள் குறித்தாயிற்று. வான் ஒன்று பிடிப்போம் என்றேன். மாமியோ பன்னிரண்டு வருடங்களாகத் தென்னிலங்கை காணாத தன் காரில்தான் வருவேன் என்றார். கொழும்பிலிருந்து வந்திருந்த நானே ஓட்டினேன். வீட்டுக்குக் காவலாக மாமா நின்றுவிட்டார்.

குண்டும் குழியுமான பாதையில் வன்னியைக் கடந்து ஓமந்தையை அடைந்தபோது பிற்பகலாகிவிட்டது. மாலையில் பாதையை மூடிவிடுவார்கள். முன்னால் நீண்ட வரிசை. பத்து யார் நகர்வதும் எஞ்சினை நிறுத்துவதுமாக இருந்தோம். நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ, கார் கிளம்ப மறுத்தது. சோக்கை இழுத்தேன், அக்சிலேற்றரை மிதிமிதியென்று மிதித்தேன். பெற்றோல் பம்ப் மட்டும் 'டிக்டிக்டிக்' என்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பற்றறி தளரும் ஓசை கேட்டது. பின் ஆசனத்தில் மாமி சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தார். அவர் உதடு வெளுத்திருந்ததைக் கண்ணாடியில் கண்டேன்.

பின்னால் நின்ற வானிலிருந்து ஒரு முதியவர் இறங்கி வந்தார். கிளிநொச்சியில் டிராக்டர் வேலை செய்பவர் என்று பிறகு அறிந்தேன்.

"தம்பி, சோக்கை விடுங்கோ. இனி ஸ்ராட் பண்ணாதேங்கோ. அம்மாவை முதல்ல மர நிழல்ல இருத்துங்கோ."

பொனற்றைத் திறந்தார். வெக்கை முகத்தில் அடித்தது. ஓடும்போது விசிறியின் காற்றும் சுற்றிவரும் தண்ணீரும் சூட்டை அகற்றிக்கொண்டிருக்கும், நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடும், அப்போது இரும்பில் உள்ள சூடெல்லாம் மேலே ஏறிக் காபரேற்றருக்குள் ஊறும் என்றார். உள்ளே பெற்றோல் கொதித்து ஆவியாகிறது. பம்ப் ஓயாமல் அடிப்பது பெற்றோலுக்குப் பதிலாக ஆவியை இழுப்பதால் என்றும் சொன்னார். பிறகு தகரக் கூட்டைக் கண்டார். சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மண்ணெண்ணெயிலை ஓடின காரோ?"

"ஓம்."

"நல்ல வேலைகாரன் செய்திருக்கிறான். ஆனால் தம்பி, பெற்றோல் வந்து ஆறு வருசமாகுது. இந்தக் குழாய் இன்னும் குளிர்காலத்திலைதான் நிக்குது."

குறட்டால் கம்பியை வெட்டித் தகரக் கூட்டைக் கழற்றினார். எயார் கிளீனரைத் தளர்த்தி மூக்கை முன்பக்கமாக, புகைக்குழாய்க்கு அப்பால் திருப்பி முறுக்கினார். என் துவாயைத் தண்ணீரில் நனைத்துப் பம்பின்மீதும் பெற்றோல் குழாயின்மீதும் போட்டார். பொனற்றைத் திறந்தபடியே விடச் சொன்னார். வரிசை நகர்ந்தபோது அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் காரைத் தள்ளினார்கள். கால் மணி நேரம் கழிந்ததும், "இப்ப அக்சிலேற்றரை முழுதாய் மிதிச்சுப் பிடியுங்கோ. இடையிலை விடக்கூடாது" என்றார். எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டுப் பற்றிக்கொண்டது. கடவையைத் தாண்டிய கடைசிச் சில வாகனங்களில் எங்களுடையதும் ஒன்று. அவருடைய வான் அன்று எங்களுக்குப் பின்னால் வரக் காணவில்லை. பெயரைக் கேட்கவும் மறந்துவிட்டேன். எத்தனையோ பேரிடம் பெயரும் வயதும் கேட்டு எழுதியவன் நான்.

வவுனியாவில் இரவு தங்கினோம். மாமி தேறிவிட்டார். "வைத்தியம் எனக்கு முதலே காருக்கு நடந்திட்டுது" என்று சிரித்தார். கொழும்பில் அவருக்கு மருந்து மாற்றினார்கள். காருக்கு ஒரு கராஜில் தீப்பொறி நேரத்தைச் சரிசெய்து, காபரேற்றருக்குக் கீழே புதிய தகடும் வைத்தார்கள். பொறி பிந்தினால் எரிவும் பிந்தும், அந்தச் சூடு வலுவாக மாறாமல் புகைக்குழாய்க்கே போய்ச் சேரும் என்று அந்தக் கராஜ்காரர் சொன்னார். எங்கள் கார் தனக்குத்தானே அடுப்பு மூட்டிக்கொண்டு ஓடியிருக்கிறது. திரும்பிய பயணத்தில் ஓமந்தையிலும் முகமாலையிலும் முதல் தடவையிலேயே கிளம்பியது.

வீட்டுக்கு வந்ததும் தகரக் கூட்டைக் குப்பையில் போட எடுத்தேன். மாமா என் கையிலிருந்து அதை வாங்கி, துடைத்து, பழைய செப்புக்குழாயோடு சேர்த்துக் கட்டிப் பரணில் வைத்தார்.

"இனி என்னத்துக்கு மாமா?" என்று கேட்டேன். எனக்குச் சற்று எரிச்சலாகவும் இருந்தது. சமாதானம் நிலைக்கும் என்று அந்த வாரம்தான் ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருந்தேன்.

"கிடக்கட்டும் தம்பி" என்றார்.

2006 ஆகஸ்ட் மாதத்தில் முகமாலையில் மீண்டும் சண்டை மூண்டது. ஏ-9 பாதை மூடப்பட்டது. குடாநாட்டில் எரிபொருளுக்கும் உணவுக்கும் பெருந்தட்டுப்பாடு. பல நாட்கள் முயன்றபின் ஒருநாள் மாமாவுடன் தொலைபேசியில் பேச முடிந்தது. மாமியின் மருந்தைப் பற்றிக் கேட்டேன். இரண்டு கிழமைக்கு இருக்கிறது என்றார். அரிசியைப் பற்றிக் கேட்டேன். பிறகு காரைப் பற்றிக் கேட்டேன்.

"அது ஓடும்" என்றார். "குழாயைக் குளிர்காலத்துக்குத் திருப்பிப் போட்டாச்சு."