சித்தியின் கட்டிங் மேசை

திங்கள்

பிளவுஸ் கட்டிங் சொல்லித்தர சேனல் தொடங்கப்போகிறார் சித்தி. கேமராவுக்குச் சீட்டுப் பணம் எடுத்து வைத்திருக்கிறார். "உங்க போனே போதும் சித்தி" என்றதும் முகம் வாடிவிட்டது. ஷான் பேக்கர் 'டேஞ்சரின்' என்ற முழுநீளப் படத்தையே ஐபோன் 5எஸ்ஸில் எடுத்து, 2015 சன்டான்ஸ் விழாவில் திரையிட்டார் என்றேன். இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பாதியில் நிறுத்திவிடுவார்கள். படம் பிடித்தது போன். ஒலியைப் பிடித்தது தொழில்முறைக் கருவிகள். என் கணக்கில் முதல் செலவு மைக்குக்குத்தான்.

செவ்வாய்

ரிச்சி தெரு. கடைப் பையன் வயர்லெஸ் மைக்கை நீட்டினான். ஒரே இடத்தில் நின்று துணி வெட்டுபவருக்கு அது எதற்கு? போயா பிஒய்-எம்1 வாங்கினேன். 6 மீட்டர் ஒயர், சார்ஜ் போடும் வேலை இல்லை. பல புது போன்களில் இயர்போன் ஓட்டை கிடையாது. அவற்றுக்கு டைப்-சி கன்வெர்ட்டர் வேண்டும். எல்லாக் கன்வெர்ட்டரும் மைக்கை ஏற்காது என்பதால் கடையிலேயே பேசி, பதிவாகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் காசு கொடுத்தேன்.

வியாழன்

மேசையில் இறுக்கும் ஸ்டாண்டில் போனைக் கவிழ்த்து மாட்டியாயிற்று. கவிழ்ந்த போனுக்கு நெடுக்கு எது, குறுக்கு எது என்று புரியாது. படுக்கைவாட்டில் நிமிர்த்திப் பிடித்து ரெக்கார்டிங்கைத் தொடங்கிவிட்டுத்தான் கவிழ்க்க வேண்டும்.

அடுத்து வெளிச்சம். மெரூன் துணி மட்டும் தெரியும்போது படம் வெளிறுகிறது. வெள்ளை லைனிங்கை விரித்ததும் சட்டென்று இருட்டுகிறது. திரையில் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டினேன். சாக் கோடு கடைசிவரை ஒரே மாதிரி தெரிந்தது.

மாலையில் டியூப்லைட் போட்டால் படத்தில் பட்டை பட்டையாக நிழல் ஓடியது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஓப்பன் கேமரா என்ற இலவச ஆப்பில் ஷட்டரை 1/50 ஆக்கியதும் நிழல் போயிற்று. ரிங் லைட் வேண்டாம். பகலில் ஜன்னலுக்கு எதிரே தெர்மாகோல் அட்டையை நிறுத்தினாலே போதும், சினிமா படப்பிடிப்பிலும் அதைத்தான் பிடிக்கிறார்கள். மைக்கில் சத்தம் விழும் என்று ஃபேனை நிறுத்தச் சொன்னதுதான் சித்திக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிறு

எடிட்டிங். டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பே நமக்கெல்லாம் வேண்டியதைவிட அதிகம். ஆனால் தம்பியின் 4 ஜிபி ரேம் லேப்டாப்பில் அது அசையாது. ஷாட்கட் ஓடியது. அதுவும் கெடன்லைவும் இலவசம். இரண்டிலும் பிராக்ஸி வசதி உண்டு. எடிட் செய்யும்போது சிறிய நகல் ஓடும், கடைசியில் எக்ஸ்போர்ட் ஆவது அசல்.

நீளமான பதிவின் கடைசியில் கத்தரிக்கோல் மூடிய பிறகே 'கறுக்' என்றது. போன் வீடியோவில் ஃபிரேம் வேகம் ஏறி இறங்குவதால் வரும் கோளாறு இது. ஹேண்ட்பிரேக்கில் கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றி உள்ளே கொண்டுவந்தேன். சத்தம் கத்தரியோடு சேர்ந்துகொண்டது.

சித்திக்கு லேப்டாப் ஒத்துவரவில்லை. போனிலேயே விஎன் ஆப்பில் உட்கார்ந்து தானே வெட்டினார். 'வணக்கம் நண்பர்களே' முழுக்கப் போயிற்று. கைக்குழி வளைவை வெட்டும் இடத்தை மட்டும் வேகம் கூட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார். "அங்கதான்டா எல்லாரும் துணியைக் கெடுப்பாங்க." பின்னணி இசையும் வேண்டாமாம்.